எதிர்ச் சரிவிலிருந்து ஒரு சீழ்க்கை

தை மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கொல்லிமலையில் செம்மேட்டுக்குச் சற்றுத் தள்ளித் தாமரைச்செல்வி வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த அவளுடைய மாமனார் வெங்கிடுசாமி. அவர் மனைவி நாகலட்சுமி. அவர்களுடைய ஒரே மகனும் தாமரைச்செல்வியின் கணவனுமான கோகுல்நாத். வீட்டுக்காரர் மாணிக்கம். ஐந்தாவதாகத் தாமரைச்செல்வி. ஆறாவதாக யாரும் இல்லை. ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டதாகப் பின்னால் சிலர் சொல்லித் திரிந்தார்கள். அன்றைக்கு அடித்த குளிருக்கு ஜன்னல் சாத்தியிருந்தது.

வெங்கிடுசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயதில் இன்னும் அவர் எங்கும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசியதில்லை. பேச இடம் கொடுத்ததில்லை. மருமகள் வைத்த காபியை அவர் தொடவில்லை.

“அம்மிணி, நான் சுத்தி வளைச்சுப் பேசறவன் இல்ல. நீ பொழுதெறங்கறப்பப் பின்னால பாறை மேல நின்னு சீட்டி அடிக்கறயாம். பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து எவனோ பதிலுக்கு அடிக்கறானாம். நெசமா?”

“சீட்டி அடிக்கறது நெசமுங்க மாமா.”

“பதிலு?”

“பதிலும் வருதுங்க.”

நாகலட்சுமி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். “ஏஞ்சாமி, ஒரு பேச்சுக்காவது இல்லீன்னு சொல்ல மாட்டயா?”

மாணிக்கம் கதவோரம் நின்றிருந்தார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “ஐயா, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. ஊட்டுக்குப் பின்னால சீட்டிச் சத்தம் கேக்குது, எதிர்ச் சரிவுல இருந்தும் கேக்குதுன்னு டீக்கடையில சொன்னேன். அவ்வளவுதானுங்க. மத்ததெல்லாம் டீக்கடைதானுங்க சொல்லுச்சு.”

அவர் சொன்னது உண்மை. அவர் சொன்னது ஒரு வரிதான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, எதிர்ச் சரிவுக்காரனுக்கு ஒரு மீசையும் ஒரு பைக்கும் முளைத்திருந்தன.

தாமரைச்செல்வி செம்மேட்டில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் மையத்தில் மனநல ஆலோசகர். மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மலையிலுள்ள குண்டூர் நாடு, திருப்புலி நாடு ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். குடியால் கெட்ட குடும்பம், தூக்கம் போன ஆண், பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பூச்சிமருந்துப் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அட்டாலிப் பலகையில் வைத்துவிட்டு வந்த பெண். மையத்துக்கு முன்வாசல் ஒன்று உண்டு. வருகிறவர்கள் பின்வாசலில்தான் வருவார்கள். புத்தி கெட்டவர்கள் போகும் இடம் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்திருந்தது.

தன்னிடம் வந்தவரை வெளியே பார்த்தால் தானாக முதலில் பேசக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முறை. பேசினால் அவர் அங்கே வந்தது ஊருக்குத் தெரிந்துவிடும். வந்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மத்தியானம் அவள் முன்னால் மூக்கைச் சிந்தி அழுதவள், சாயங்காலம் சந்தையில் அவள் தோளை இடித்துக்கொண்டு நின்று அன்னாசிக்கு விலை கேட்பாள். ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். அந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் நடப்பது தாமரைச்செல்விக்குத் தெரியும். “சாப்டாச்சுங்களா?” என்று அவளைக் கேட்க ஒருவர் கிடையாது.

கோகுல்நாத்துக்கு நாமக்கல்லில் கோழித்தீவன ஆலையில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மலையேறுவான். மற்ற நாட்களில் போன். மேனேஜர் திட்டியதை அவன் சொன்னால், “ஓ, அது உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க?” என்று கேட்பாள். “தாமரை, நான் உன்ற புருசன். டோக்கன் வாங்கிட்டு வந்தவன் இல்ல” என்பான் அவன். இருவரும் சிரிப்பார்கள். போனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு நிற்காது. நின்றதும், அந்த வீட்டில் எத்தனை சுவர்கள் இருக்கின்றன என்பது தெரியும்.

அவளிடம் வந்தவர்களில் பொன்னாயி என்று ஒருத்தி. அது அவள் பெயர் இல்லை. உண்மைப் பெயர் இங்கே வராது. ஐம்பது வயதுக்காரி. மகளை இழந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிரஷர் மாத்திரை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். ஒருநாள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து, எழுந்தவள், கதவருகே நின்று திரும்பிக் கேட்டாள்: “ஏனுங்கம்மா, நாங்க எல்லாரும் வந்து உங்க தலையில கொட்டிப்போட்டுப் போயிடறோம். நீங்க எங்கீங்க போய்க் கொட்டுவீங்க?”

தனக்கென்று தினமும் ஏதாவது செய்யுங்கள், கோலம் போடுங்கள், பாடுங்கள், செடி வையுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் தாமரைச்செல்வி சொல்வது வழக்கம். தான் என்ன செய்கிறோம் என்று அன்றைக்குத்தான் யோசித்தாள். இரவில் அடுத்த நாள் வரப்போகிறவர்களின் குறிப்புகளைப் படித்தாள். அது ஒன்றுதான்.

அன்று மாலை வரக்காப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைக்குப் போனாள். கீழே பள்ளம். எதிரே, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு இடையே, மரவள்ளி போட்ட குச்சிக்கிழங்குக் காடுகள். சூடாக இருந்த காப்பியை ஊதினாள். உதடு குவிந்த இடத்தில் நூல்போல ஒரு சத்தம் பிறந்தது. திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி ஊதினாள். காப்பி ஆறிப்போகும் வரை ஊதிக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கு வயதில் அவள் முதல் தடவையாகச் சீழ்க்கை அடித்தாள். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பெண்கள் சீழ்க்கை அடிப்பதில்லை.

அந்தச் சத்தத்தில் வார்த்தை இல்லை. அதுதான் அவளுக்குப் பிடித்தது. நாள் முழுக்க மற்றவர்களுடைய வார்த்தைகள் அவளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒன்றையும் அவள் வெளியே விடக் கூடாது. சீழ்க்கையில் யாருடைய கதையும் வெளியே போகாது. ஆனால் ஏதோ போயிற்று. ஒரு மாதத்தில் சொந்தமாக மெட்டுக் கட்டத் தொடங்கினாள். நாற்பதாவது வளைவில் பஸ் திரும்பும்போது எஞ்சின் முக்குவதில் ஆரம்பித்து, திரும்பி முடிந்ததும் உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடுவதுபோல இறங்கும் மெட்டு ஒன்று. பெய்யாமல் போகும் மேகத்துக்கு ஒன்று. பிசகினால் சிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அவள் பிசகலாம் என்று இருந்த ஒரே இடம் அந்தப் பாறை.

மார்கழியில் ஒருநாள் எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது. அவள் நிறுத்திய இடத்திலிருந்து எடுத்து, கரகரப்பாக, இரண்டு சுற்று அடித்துவிட்டு ஓய்ந்தது. தாமரைச்செல்வி காது கொடுத்தாள். இந்தச் சீழ்க்கையில் துக்கம் தெரிகிறதே, எத்தனை நாளாக இருக்கும், சாப்பாடு இறங்குகிறதா என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனவள், தான் பாறைமேல் நின்றபடியே ஒரு நோயாளிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். இது அவள் தொழிலுக்கே உரிய தவறு. கொசுவை விரட்டுவதுபோலக் கையை வீசி அதையெல்லாம் விரட்டினாள். பிறகு, வெறுமனே பதிலுக்கு அடித்தாள்.

அடுத்த வாரம் வந்த பொன்னாயி, உட்கார்ந்ததும் தாமரைச்செல்வியின் வாயைப் பார்த்தாள். “அந்தச் சீட்டி நீங்கதானுங்களா? பதில் போட்டது நானுங்க. காட்டுக் காவலுக்குப் பரண்ல ஏறிப் பன்னி முடுக்கறப்ப அடிக்கறது. புள்ள போன பொறகு வாயில வரவே இல்லீங்க. இப்பத்தான்.” சற்றுப் பொறுத்து, “வெளியில சொல்லிப்போடாதீங்க. அந்தம்மாளை உனக்கு எப்படிப் பழக்கம்பாங்க. நான் இங்க வாரது ஊட்டுல தெரிஞ்சா, புத்தி கெட்டவன்னு ஒதுக்கி வெச்சுருவாங்க. பேரப் புள்ளையத் தொட உட மாட்டாங்க” என்றாள்.

“சொல்ல மாட்டேனுங்க” என்றாள் தாமரைச்செல்வி.

அந்த வாக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

“அந்த ஆளு யாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று வெங்கிடுசாமி கேட்டார்.

“தெரியுமுங்க.”

“பேரைச் சொல்லு.”

“சொல்ல முடியாதுங்க மாமா.”

கோகுல்நாத் முதல் தடவையாக வாயைத் திறந்தான். “தாமரை, நான் உன்னையச் சந்தேகப்படல. அப்பா கேக்கறதுக்கு ஒரு பதிலைச் சொல்லிரு. போதும்.”

“எனக்கும் அதுதானுங்க ஆசை.”

“சரி, பேரு வேண்டாம்” என்றார் வெங்கிடுசாமி. “ஆம்பளையா, பொம்பளையா? அதையாவது சொல்லு. பொம்பளைன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் எந்திரிச்சு பஸ்ஸுக்குப் போயிடறேன்.”

“பொம்பளை எங்கீங்க சீட்டி அடிப்பா?” என்றாள் நாகலட்சுமி.

“உன்ற மருமவ அடிக்கறாளே. அப்புறமென்ன பேச்சு?”

அதற்கு மாணிக்கம் தன் பங்குக்கு உதவ வந்தார். “ஐயா, அந்தச் சரிவுல காட்டுக் காவலுக்கு இருக்கறது மூணு ஊடுதானுங்க. ரெண்டு ஊட்டுல ஆம்பளைங்க. ஒண்ணுலதான் பொம்பளை. அம்மா பொம்பளைன்னு சொன்னாங்கன்னா யாருன்னு நான் இப்பவே சொல்லிப்போடுவேன்.”

அந்த ஒரே வார்த்தையில் தாமரைச்செல்வியின் மானம் திரும்ப வந்துவிடும். மாமனார் எழுந்துவிடுவார், மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், கோகுல்நாத் தலை நிமிர்வான். மாணிக்கம் டீக்கடைக்குப் போவார். விளக்கு வைப்பதற்குள் பொன்னாயியின் வீட்டு வாசலில் கேள்வி போய் நிற்கும்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

வெங்கிடுசாமி மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டு முழி முழிப்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இது அது இல்லை. பிறகு மாணிக்கத்திடம், “கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு சித்த பாத்துட்டு வாங்க” என்றார். பஸ் நேரம் அவருக்கே தெரியும். மாணிக்கத்துக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் போனார்.

கதவு சாத்தியதும், “இப்ப வெளி ஆளு இல்ல. சொல்லு” என்றார்.

“நீங்க இருக்கீங்களே மாமா.”

அவரிடம் அப்படிப் பேசியவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. வெங்கிடுசாமியின் கை, முழங்காலில் வைத்தது வைத்தபடி இருந்தது.

“எங்கிட்டயும் சொல்லக் கூடாதா?”

“யாருகிட்டயும் கூடாதுங்க. ஒருத்தருகிட்டச் சொன்னாலும் சொன்னதுதானுங்க.”

“உன்ற புருசன்கிட்ட?”

“அவருகிட்டயும் சொன்னதில்லீங்க. எதையும்.”

“ரெண்டு வருசமா?”

“ரெண்டு வருசமாங்க.”

நாகலட்சுமி சமாதானத்துக்கு வந்தாள். “சரி கண்ணு, சொல்ல வேண்டாம். அது உன்ற வேலை, எங்களுக்கு வெளங்காது. அந்தச் சீட்டியை மட்டும் உட்டுரு. மனசுக்கு ஆறுதல் வேணும்னா பாட்டுப் பாடு. சாமி பாட்டு எத்தனை இருக்குது. அது கௌரவமா இருக்கும்.”

தாமரைச்செல்வி எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“அத்தை, போன வருசம் ஒருநாள், ஒரு அம்மா எதுத்தாப்பல உக்காந்து அழறாங்க. பெத்த வயிறு பத்தி எரியற அழுகை. நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமுங்களா? செவுத்துல எத்தனை பல்லி இருக்குதுன்னு எண்ணிட்டு இருந்தேன். மூணு. தலையை மட்டும் ஆட்டிட்டு இருந்தேன். எனக்கு உள்ள ஒண்ணுமே ஆகலீங்க. அதுதானுங்க பயந்துட்டேன். அன்னைக்கு அழுதிருந்தாக்கூடப் பயந்திருக்க மாட்டேன்.”

தாமரைச்செல்வி மாமனார் பக்கமும் திரும்பினாள்.

“இப்ப அப்படி இல்லீங்க. பாறை மேல போய் அரை மணி நேரம் எனக்குத் தோணுன மெட்டை அடிச்சிட்டு வந்தா, அடுத்த நாள் வாரவங்களை மறுபடி மனுசங்களாப் பாக்க முடியுது. வேலையை உடச் சொன்னீங்கன்னா உட்டுடறேனுங்க. சீட்டியை உட்டுப்போட்டு வேலையை மட்டும் பண்ணச் சொல்லாதீங்க. அது வாரவங்களை ஏமாத்தறதுங்க.”

கோகுல்நாத் தகப்பனைப் பார்க்காமலே பேசினான். “அவ சொல்லறது நெசமுங்கப்பா. நாலஞ்சு மாசமா போன்ல எங்கிட்ட எரிஞ்சு உளுகறா. சண்டை போடறா. முன்னெல்லாம் ஆஸ்பத்திரில பேசறாப்பல பேசுவா. சண்டை போட்ட அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு.”

வெங்கிடுசாமி எழுந்து நின்றார். நீண்ட பேச்சு, நின்றபடி பேசினால்தான் அவருக்கு வரும்.

“என்ற குடும்பத்து மானத்தைக் காப்பாத்தத்தான் நான் இன்னைக்கு மலையேறி வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ மானம் இவளுக்குத் திரும்பக் கெடச்சிருக்கும். சொல்லல. அடுத்தவங்க மானத்தைக் குடுத்துத் தன்ற மானத்தை வாங்கிக்கல. எனக்கு முன்னால இவ அதைக் காப்பாத்திட்டா. அதுல எனக்கு இனிப் பேச்சில்ல.”

நாகலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தினார்.

“சீட்டிக்கு வாரேன். கெணத்துல மோட்டாரை மூணு மணி நேரம் ஓட்டறோம். அப்புறம் நிறுத்திப்போடறோம், தண்ணி ஊறட்டும்னு. ஊற உடாம ஓட்டுனா சேறுதான் வரும், அப்புறம் மோட்டாரும் புகையும். இவ ரெண்டு வருசமா ஊருக்கெல்லாம் எறைச்சுட்டு இருக்கறா. ஊற அரை மணி நேரம் எடுத்துக்கிட்டா. அதுக்கு நாம பஸ் ஏறி வந்து ஞாயம் பேசறோம். அடுத்தவங்க வெசனத்தைக் கேக்கறவளுக்கும் ஒரு மனசு இருக்குது. அது ஊற ஒரு எடம் வேணும். அந்த எடத்தை உட்டுக் குடுக்காம வெச்சுக்கறது அவ கடமை. அதைக் கேவலமாப் பேசாம இருக்கறது நம்ம கடமை. அது சீட்டியா இருந்தா என்ன, சாமி பாட்டா இருந்தா என்ன?”

பிறகு உட்கார்ந்தார். ஆறிப்போயிருந்த காபியை எடுத்து, முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்.

மாணிக்கம் திரும்பி வந்து கடைசி பஸ்ஸின் நேரத்தைச் சொன்னார். வெங்கிடுசாமி அவரிடம், “டீக்கடையில கேட்டா இப்படிச் சொல்லுங்க. சீட்டி அடிக்கறது வெங்கிடுசாமி ஊட்டு மருமவதான். இனியும் அடிப்பா. எதிர்ச் சரிவுல அடிக்கறது யாருன்னு வெங்கிடுசாமி கேக்கல. அவரே கேக்காததை மத்தவங்க கேக்கத் தேவையில்ல” என்றார். மாணிக்கம் தலையை ஆட்டிக்கொண்டார். ஆட்டிய வேகத்தில் அவர் அன்றைக்கே டீக்கடைக்குப் போவார் என்பது தெரிந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் போனார்கள். தாமரைச்செல்வி பாறைமேல் ஏறினாள். மாமனார் முன்னால் உதடு குவியவில்லை. இரண்டு தடவை சிரித்துவிட்டாள். மூன்றாவது தடவை மெட்டு எழுந்து பள்ளத்துக்கு மேலே போயிற்று. வெகுநேரம் ஒன்றும் இல்லை. மஞ்சள் வெயில் குச்சிக்கிழங்குக் காட்டைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. பிறகு, எதிர்ச் சரிவிலிருந்து, கரகரப்பாகப் பதில் வந்தது. வெங்கிடுசாமி அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பி, வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தாமரைச்செல்வி மையத்தில் இருந்தாள். ஏழு பேர் வந்தார்கள், பின்வாசல் வழியாக. சாயங்காலம் சந்தையில் வழக்கம்போல ஒருவரும் அவளிடம் பேசவில்லை. அவள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, பனிமஞ்சு இறங்குவதற்குள் வீட்டுக்கு நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெங்கிடுசாமியும் பாறைமேல் ஏறிப் பள்ளத்தைப் பார்த்து நின்று சீழ்க்கை அடித்தார் என்று செம்மேட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவர் பாறைமேல் ஏறவில்லை, கீழேதான் நின்றார். சீழ்க்கையும் அடிக்கவில்லை. உதட்டைக் குவித்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது.